கார்பன் சைக்கிளும் ஒரு வேண்டுதலும்

மலைமேல் கோயிலில் சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டு ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் மலையிறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து பதினெட்டாவது வளைவில் ஒருவர் சைக்கிளோடு ஏறினார்.

"நான் மேல ஏற ஏற சைக்கிள் சீட்டு கீழ எறங்குதுங்க" என்றார் கண்டக்டரிடம். "முழங்கால் தாடையில இடிக்குது."

"புதுச் சைக்கிளுங்களா?"

"சீனா பேக்டரியில இருந்து நேரா வரவழைச்ச கார்பன் பிரேமுங்க. வீடியோ பாத்து நானே கோத்தேன். சீட்டுக் கம்பிக்குப் பூச ஒரு பொட்டலம் பசை வந்துச்சு. தொட்டா நறநறன்னு இருந்துச்சு. மண்ணு கலந்துருச்சுன்னு குப்பையில போட்டுட்டு, கிரீஸை நொம்பத் தாராளமாப் பூசுனேன்."

"அப்புறம்?"

"அந்த நறநறப்புத்தான் வழுக்காமப் புடிக்குமாமுங்க. எம்பட அறிவுக்கு ஒரு கும்புடு போடுங்க."

கண்டக்டர் சிரித்துவிட்டார். "இப்ப எங்க போறீங்க?"

"அடிவாரத்துக்குங்க. கூட்டாளி புதுப் பசையோட நிக்கிறான். கிரீஸைத் தொடைச்சுப்போட்டு மொதல்ல இருந்து ஏறோணும். கோயிலுக்கு மிதிச்சே வர்றேன்னு வேண்டுதலுங்க."

"ஏனுங்க, பதினெட்டு வளைவு ஏறியாச்சே. மிச்சத்தைத் தள்ளிக்கிட்டே போனா சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காதுங்க. ஊட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருந்து பொழச்சு வரோணும்னு வேண்டுனது. சாமி அவளைப் பாதியா அனுப்பி வெக்கலீங்களே."