மீட்டர் பூச்சியத்துக்கு வந்த பின்னேரம்

அந்தோனியார் அறிய, எரிகிற இந்த மெழுகுதிரி அறிய, நான் சொல்லப்போகும் கதையில் ஒரு சொல்லும் பொய் இல்லை. போன வருடம் சொன்ன முதலைக் கதையோடு இதைச் சேர்க்க வேண்டாம். இது என் சிநேகிதன் நீக்கிலாப்பிள்ளையின் மருமகன் றூபனுக்கு, இதே செயின்ட்-மிஷேலில் நடந்தது. உறைமழையில் கரண்ட் போய்விட்டது, ஹீட்டரும் இல்லை, எல்லாரும் போர்வைக்குள் கிட்டக் கிட்ட இருக்கிறீர்கள். அல்போன்சம்மா, செபமாலையை இப்போதே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டில் தேடக்கூடாது.

நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். பின்னேரம் ஐந்து மணிக்கே ஊர் கறுத்துவிட்டது. பழைய கற்குழிப் பக்கம் போகும் தெருவில் ஒரு வெறுவளவு. சுற்றிக் கம்பி வேலி. ஒரேயொரு விளக்கு. ஆள் அரவம் இல்லை...

அந்த வளவில் முன்பு ஒரு சலவைக் கடை இருந்தது. கோட்டுச் சூட்டுகளைத் தண்ணீர் படாமல் மருந்தில் கழுவுகிற கடை. அந்த மருந்து வருடக்கணக்காகத் தரைக்குள் இறங்கி மண் நஞ்சாகிப் போனது. அங்கே வீடு கட்டுவதென்றால் முதலில் மண்ணைச் சுத்தமாக்க வேண்டும். எப்படி? ஒரு பக்கக் குழாய்களால் சூடான காற்றை மண்ணுக்குள் அடிப்பார்கள். மண் சூடாக, மருந்து ஆவியாகும். மற்றப் பக்கக் குழாய்கள் அதை உறிஞ்சிக் கரி நிரப்பிய பீப்பாய்களுக்குள் விடும். உள்ளே இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு மீட்டர் காட்டும். அது பூச்சியத்துக்கு வந்தால் வேலை முடிந்தது.

தினமும் பின்னேரம் போய் மீட்டரைப் பார்ப்பது றூபனின் வேலை. அந்த வேலை அவனுக்குத் தற்செயலாய்க் கிடைத்தது. ஆனால் அந்தச் சலவைக் கடையில் பதினொரு வருடம் உடுப்பு அழுத்தியவள் அவன் மனைவி நிரஞ்சனி. போன மாசியில் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதல் நாள், திரைந்துபோன பால் தேநீரை ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்துக்கொண்டு நின்றான். குழாய் மூட்டிலிருந்து ஒரு மணம் வந்தது. சலவை மருந்தின் இனிப்பு மணம்... அதற்குள்ளே கைநோவுக்குப் பூசுகிற கோடாலித் தைலம்... அதற்கும் உள்ளே, சூடான பருத்தித் துணி. வேலை விட்டு வந்து கதவடியில் சப்பாத்துக் கழற்றும்போது நிரஞ்சனியிடம் வரும் அதே மணம்.

காதைக் கொடுத்தான். உள்ளே... புஸ்ஸ்ஸ்... டக். புஸ்ஸ்ஸ்... டக். உடுப்பு அழுத்தும் மெசினை அவள் காலால் மிதிக்கிற சத்தம்.

ஓடினானா? இல்லை. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அந்த மூட்டில் பிடித்தான். இளஞ்சூட்டுக் காற்று. குளிருக்குள்ளால் அவன் வீட்டுக்கு வந்தால் கையைப் பிடித்து ஊதுவாளே, அப்படி.

அதற்குப் பிறகு லீவு நாளிலும் போனான். ஆனால் மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. அது இறங்க இறங்க மணமும் மெலிந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது... இந்த மெசின் நிரஞ்சனியைத்தான் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறது.

புவாண்ட்-கிளேர் ஒபிசில் இருந்த இஞ்சினியர்ப் பிள்ளை றொஷினிக்குப் போன் எடுத்தான்.

“பிள்ளை, இதைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டேலாதே?”

“ஏன் அங்கிள்? சூப்பரா இறங்குது! இந்தக் கிழமையோட முடிஞ்சிடும். நீங்கள் நல்லாப் பாக்கிறியள், மெர்சி அங்கிள்.”

அன்று பின்னேரம் றூபன் ஒரு காரியம் செய்தான். உறிஞ்சுகிற குழாயின் வால்வை இறுக்கிப் பூட்டினான். அவள் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்று.

சூடான காற்று அடிப்பது நிற்கவில்லையே! அதை நடத்துவது எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர். சிவப்பு விளக்கு எரிந்தது. நிலம் மெல்ல உறுமியது. உள்ளே சத்தமும் மாறியது. டக். டக். டக்டக்டக்டக்... மூச்சுக்கு இடம் கேட்டு ஆரோ இரும்பில் தட்டுவது போல.

போன் அடித்தது. றொஷினிதான்.

“அங்கிள், ஆரோ வால்வைப் பூட்டிட்டினம். உடனை திறவுங்கோ, உள்ளுக்கு அமுக்கம் ஏறுது!”

“திறந்தா அவள் போயிடுவாள், பிள்ளை.”

“ஆர் போயிடுவா?”

தட்டல் ஓயவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாய் அவள் காற்றுக்குத் தவித்ததைப் பார்த்தவன் அவன். அன்றைக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. இன்றைக்குச் செய்யக்கூடியதும் ஒன்றே ஒன்றுதான். பூட்டிய கையாலேயே திறந்தான்.

ஒரே மூச்சாய் வந்தது... மருந்து, தைலம், துணி, எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தது.

பிறகு ஒன்றுமில்லை. மீட்டர் பூச்சியம்.

வீட்டுக்கு வந்து, சேறு படிந்த ஜாக்கெட்டைக் கதிரையில் எறிந்துவிட்டுப் படுத்தான். தனி ஆள், கதவும் உள்ளே பூட்டு. விடிய எழும்பிப் பார்த்தால்... ஜாக்கெட் கொழுவியில் தொங்குகிறது. சேறு இல்லை. இரண்டு கைகளிலும் கத்தி விளிம்பு போல அழுத்திய மடிப்பு. தொட்டால் இன்னும் சூடு. அதற்குள் முகத்தைப் புதைத்து மோந்து மோந்து அழுதான். கோடாலித் தைலம்...

“சேசுவே!” என்கிறார் அல்போன்சம்மா. “அந்த ஜாக்கெட்டிலை இப்பவும் மணக்குதாமோ?”

மணக்கிறதாம். றூபன் தினமும் மோந்து பார்க்கிறான், அவன் வாயாலேயே நீக்கிலாப்பிள்ளைக்குச் சொன்னது. நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கொரோனா வந்த வருடத்திலிருந்து றூபனுக்கு எந்த மணமும் தெரியாது.