இதாரா அழித்த வரி

— அப்போ நான் குடுத்த லிஸ்ட்ல இருந்த மூணு ட்யூட்டர்கிட்டயும் இதாரா போகவே இல்லை. அப்படித்தானே, திருமதி எஃபியோங்?

— போகலைன்னா போகலைதான், மிஸ் ஹால்பர்ன். ஆஸ்பத்திரி ட்யூட்டியைப் பாதியில விட்டுட்டு, இந்த நர்ஸ் உடுப்போட ஓடி வந்திருக்கேன். எம் பொண்ணு காப்பியடிச்சான்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?

— அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லையே.

— வாய் சொல்லலை. மொகத்துல எழுதி ஒட்டியிருக்கு.

— அம்மா, விடும்மா.

— நீ சும்மா இருடி, இதாரா. டீச்சர், ஒண்ணு கேக்கறேன். இந்தக் கிளாஸ்ல ஆறு நாட்டு அரசாங்கத்தைப் பத்தி படிக்கறாங்க. ரஷ்யா, சீனா, ஈரான்னு. அதுல ஒண்ணு எங்க நைஜீரியா. சொந்த நாட்டைப் பத்தி ஒரு பொண்ணு நல்லா எழுதினா தப்பா? ரஷ்யாவைப் பத்தி நல்லா எழுதியிருந்தா சந்தேகப்படுங்க, ஒத்துக்கறேன்.

— இதாரா இங்க ஹூஸ்டன்ல பொறந்தவ. நைஜீரியாவுக்கு எத்தனை தடவை போயிருக்கா?

— ஒரு தடவை. நாலு வயசுல.

— ஜனவரி வரைக்கும் அவ கட்டுரைக்கெல்லாம் அஞ்சுக்கு ரெண்டு. யார்கிட்டயாவது உதவி வாங்கிக்கோன்னு நானேதான் சொன்னேன். திடீர்னு போன திங்கட்கிழமை அஞ்சுக்கு அஞ்சு. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பதிவைப் பார்த்தேன்.

— என்ன பதிவு?

— கம்ப்யூட்டர்ல அவ எப்ப எந்த வரியை அடிச்சா, எதை அழிச்சா, எல்லாம் எனக்குத் தெரியும். இவ ஒரு வரி எழுதி ரெண்டு வரி அழிக்கற பொண்ணு. சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு உட்கார்ந்திருக்கா. ஒரே மூச்சுல ரெண்டு பக்கம். யாரோ சொல்லச் சொல்ல எழுதின மாதிரி.

— யாரும் சொல்லலை மிஸ். வார்த்தையெல்லாம் என்னோடது.

— விஷயம்?

— அதை மட்டும் கேக்காதீங்க மிஸ்.

— பாருங்க, திருமதி எஃபியோங். இந்த இடத்துல எப்பவும் பேச்சு நின்னுடுது.

— அப்படி என்னதான் எழுதியிருக்கா? படிங்க. நானும் கேக்கறேன்.

— வேண்டாம் மிஸ்!

— ஏன்டி வேண்டாம்? படிங்க டீச்சர்.

— ‘வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மதியம். ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் அறை. ஜன்னல்களை உலக வரைபடங்களால் மறைத்திருந்தார்கள். உள்ளே நான்கு பேர், கட்டுக் கட்டாக வாக்குச்சீட்டு. சீட்டில் விரல் ரேகை பதிப்பதுதான் அங்கே வாக்கு; ஒரே கட்டைவிரல் என்றால் ரேகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பத்து விரலையும் முறை வைத்துப் பதித்தார்கள். மை காய்ந்து தோல் வெடித்தபோது பாமாயில் தடவிக்கொண்டார்கள்.’ திருமதி எஃபியோங், நான் பதினோரு வருஷமா இந்தப் பாடம் நடத்தறேன். அந்த பாமாயில் எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

— அபாசி!

— என்ன?

— கடவுளேன்னு சொன்னேன். அதே அறிவியல் அறை... அந்த ஸ்கூல் எங்க ஊர்ல இருக்கு டீச்சர். காலபார்லேர்ந்து ஒரு மணி நேரம். எங்கண்ணன் ஆர்ச்சிபாங், ஊர் கவுன்சில் சேர்மனுக்கு நின்ன தேர்தல் அது. எரநூத்திப் பன்னெண்டு ஓட்டுல தோத்தான். அந்த ஸ்கூல் அறிவியல் அறையிலதான் ஜன்னலை மறைச்சு என்னமோ நடந்துதுன்னு ஊரே பேசிச்சு. யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியலை.

— நீங்க அப்போ அங்க இருந்தீங்களா?

— நான் எங்க இருந்தேன்? லேகோஸ்ல நர்சிங் படிச்சிட்டிருந்தேன். கல்யாணத்துக்கு நாள் குறிச்ச நேரம். அண்ணன் தோத்துட்டான்னு ஃபோன்லதான் சொன்னாங்க. தோத்ததோட ஊர்ல இருக்கப் பிடிக்காம இங்க வந்தான். அப்புறம் எங்களையும் அவன்தான் வரவழைச்சான். இதாரா!

— என்னம்மா?

— அந்த நாலு பேருல ஒருத்தன் இந்த ஹூஸ்டன்ல இருக்கான். ஒன்கிட்ட ஒக்காந்து பேசியிருக்கான். யாருடி அவன்?

— அம்மா, வீட்டுக்குப் போய் பேசலாம்.

— இங்கயே பேசணும். நம்ம சர்ச் டீக்கன் உடோதானே? எனக்கு அந்த ஆள் மேல எப்பவுமே ஒரு கண்ணு. நம்ம வீட்டுக்கு வந்தா பாமாயில் ஊத்தின குழம்பைத் தொடவே மாட்டான்.

— அவருக்கு கொலஸ்ட்ரால்ம்மா.

— கொலஸ்ட்ரால் இருக்கறவன் ரெண்டு தட்டு ஆட்டுக்கறி திம்பானா?

— டீக்கன் உடோ இல்லம்மா. சத்தியமா இல்ல.

— அப்போ யாரோ ஒருத்தர் இருக்காங்க. இப்பதான் முதல் தடவையா ஒத்துக்கற, இதாரா.

— நீங்க அவளை மடக்காதீங்க டீச்சர். மடக்கறதுன்னா நான் மடக்கிக்கறேன்.

— நான் மடக்கலை. முறைன்னு ஒண்ணு இருக்கு, அதைத்தான் சொல்றேன். இந்தத் தாளைப் பாருங்க. உதவி செஞ்சவங்க பேரு, அவங்களுக்கு இந்த விஷயம் எப்படித் தெரியும், ‘நான் சொன்னேன், எழுதினது மாணவிதான்’னு கீழ ஒரு கையெழுத்து. இது வந்துட்டா நான் நம்பறேன். கவுன்சலர் மிஸஸ் பாஸி படிச்சுப் பார்த்து பைல்ல வெச்சிடுவாங்க. அத்தோட முடிஞ்சுது.

— மிஸஸ் பாஸியா? அவ எங்க சர்ச்சுதான். எங்கண்ணி பக்கத்துல நின்னு பாடறவ. ஆராதனை முடியறதுக்குள்ள பத்து வீட்டுச் சேதி சொல்லிடுவா.

— அது எனக்குத் தெரியாது. தாள் வரலைன்னா வெள்ளிக்கிழமை கமிட்டிக்கு அனுப்பியாகணும். அவங்க இதாராவுக்கு சீட் குடுத்த காலேஜுக்கு எழுதுவாங்க. சீட்டும் நிக்காது, ஸ்காலர்ஷிப்பும் நிக்காது.

— கேட்டியாடி? நாலு வருஷமா கண்ணு முழிச்சுப் படிச்சது போயிடும். எவனோ ஒரு திருட்டுப் பயலைக் காப்பாத்தறதுக்கு நீ ஏன் வாயை மூடிட்டு ஒக்காந்திருக்க?

— அவர் திருடர் இல்ல.

— அவரா! மரியாதை வேற. ஒங்க மாமா வாழ்க்கையையே மாத்தினவனுக்கு!

— மாமா தோத்ததாலதான நாம எல்லாரும் இங்க இருக்கோம்?

— இந்தப் பேச்சை யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? இது ஒன் வயசுப் பேச்சு இல்லையே.

— திருமதி எஃபியோங், இன்னொண்ணு இருக்கு. அவ ஒரு வரி எழுதி, உடனே அழிச்சிருக்கா. பதிவுல அது நிக்குது. அது உங்களுக்கு உதவலாம்.

— மிஸ், ப்ளீஸ். அழிச்சது அழிச்சதுதான். அது கட்டுரையில இல்லையே. அதுக்கு மார்க் போட முடியாதுல்ல? அப்போ படிக்கவும் கூடாது.

— படிங்க டீச்சர். நான் அவ அம்மா, நான் சொல்றேன்.

— ‘அந்த நால்வரில் ஒருவர் வேட்பாளரின் வீட்டு ஆள். தோற்ற செய்தி வந்ததும் வேட்பாளர் சாய்ந்து அழுதது அவர் தோளில்தான். கையில் பாமாயில் வாசம் போகவில்லை என்பதால் திருப்பி அணைக்கக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை.’

— தோள்லயா... அபாசி!

— திருமதி எஃபியோங்? தண்ணி வேணுமா?

— வேண்டாம். டீச்சர், நான் எம் பொண்ணுகிட்ட எங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்.

— எனக்கும் புரியற மாதிரி பேசினா நல்லது.

— ரெண்டே நிமிஷம். ஒங்களுக்குப் புரியாமப் பேசத்தான் கேக்கறேன். இதாரா, இங்க பாரு. என் கண்ணைப் பாரு.

— அம்மா...

— ஒங்க மாமா அன்னைக்கு ஒரே ஒரு ஆள் தோள்லதான் சாஞ்சு அழுதான். ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு மேஜையில இன்னைக்கும் சொல்லுவான். ‘தங்கச்சி ஊர்ல இல்ல, அவளுக்கு வரப் போறவன்தான் என்னைத் தாங்கினான்’னு.

— நான் கேட்டதாலதான் சொன்னாரும்மா. எனக்கு அந்தப் பாடம் புரியல, சொல்லிக் குடுங்கப்பான்னு நான்தான் போய் நின்னேன். நீ ட்யூட்டிக்குப் போயிருந்த. புக்கைத் திறந்தாரு, மொத பக்கம் சரியாத்தான் நடத்தினாரு. அப்புறம் புக்கை மூடிட்டாரு.

— ஏன் செஞ்சாராம்?

— செய்யலைன்னா அந்த ஸ்கூல்ல பார்த்த வேலை போயிடும்னு மெரட்டினாங்களாம். வேலையில்லாதவனுக்கு ஒன்னைக் குடுக்க மாட்டாங்கன்னு பயந்தாராம்.

— என் மேல பழியைப் போட்டாரா!

— இல்லம்மா. அழுதாரு.

— இருபத்திமூணு வருஷம் என் பக்கத்துல படுத்த மனுஷன். என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. மார்க் வேணும்னதும் ஒன்கிட்ட சொல்லிட்டாரு.

— இந்தத் தாள்ல அப்பா பேரு ஏறக் கூடாதும்மா. மிஸஸ் பாஸி படிப்பா. மாமா காதுக்குப் போகும். எனக்கு சீட் போனா போகட்டும்.

— போகட்டும்னு சொல்ல நீ யாருடி? ஒங்கப்பாவை நான் வீட்டுல வெச்சு கேட்டுக்கறேன். எங்கண்ணனை எனக்குத் தெரியும். மச்சானை அவன் உசுரு இருக்கற வரைக்கும் மன்னிக்க மாட்டான். தங்கச்சின்னா ஒரு வருஷம் பேச மாட்டான், ரெண்டு வருஷம் பேச மாட்டான், அப்புறம் தானா பேசிடுவான்.

— அம்மா, என்ன பண்ணப் போற? அம்மா!

— திருமதி எஃபியோங், மன்னிக்கணும். எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு. பேரு கிடைச்சுதா, இல்லையா?

— கிடைச்சுது டீச்சர். அந்தத் தாளைக் குடுங்க.

— நீங்க கையெழுத்து போட முடியாது. உதவி செஞ்சவங்கதான் போடணும்.

— தெரியும், அதான் போடறேன். ‘எப்படித் தெரியும்’னு கேட்டிருக்கே, அதுக்குப் பக்கத்துல எழுதிக்கோங்க. லேகோஸ்ல இருந்தேன்னு உங்ககிட்டயும் எங்கண்ணன்கிட்டயும் நான் சொன்னது பொய். வேட்பாளரோட வீட்டு ஆள்னா அவன் தங்கச்சி. அந்த ரூம்ல இருந்தது நான்தான்.