டிவி பார்க்கிற வேலை

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் ஏழெட்டு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கம்மா ஆபீஸ்ல டிவி பாக்குறாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் மகள்.

"அது டிவி இல்லடி. சிமெண்ட் ஆலையில சுண்ணாம்புக்கல்ல வேக வைக்கிற பெரிய சூளை இருக்கு. அதோட சூடு ஏறுதா இறங்குதான்னு அந்த ஸ்கிரீன்ல தெரியும். பாத்துக்கிட்டே இருக்கணும்."

"பாக்கலன்னா?"

"சூளை கெட்டுப்போயிடும். ஆலையே நின்னுடும்."

"இப்ப யாரு பாக்குறா?"

"செல்வி அக்கா. எனக்கு இன்னிக்கு லீவு."

"அந்தக்கா நல்லா பாப்பாங்களா?"

"என்னைவிட நல்லா பாப்பா."

"அப்ப வெள்ளிக்கிழமையும் அவங்களே பாக்கட்டும். ஸ்கூல்ல நான் ஆடுறத நீ பாரு. போன வருசமும் நீ வரல."

இரண்டு ஸ்டாப் போன பிறகு அம்மா போனை எடுத்தார்.

"செல்வி, வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாத்திக்கலாமா? ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எம்பொண்ணு ஆடுறா, பாக்கணும்."

போனை வைத்துவிட்டு மகளிடம், "சரின்னுட்டா," என்றார்.

மகள் சிரிக்கவில்லை.

"போன்ல படம் புடிக்காத. என்னை நேரா பாரு," என்றாள்.