ஈயம் உருக்கிய சட்டி

துருப்பிடித்த இரும்பைத் தேய்க்க உருளைக்கிழங்கைப் போல ஒரு பொருள் கிடையாது மேடம். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டின பக்கத்தைக் கல்லுப்பில் முக்கித் தேய்க்கவேண்டும். கிழங்கு கறுத்துப்போனால் மேலாக ஒரு சீவு சீவிவிட்டு மறுபடியும் தேய்க்கலாம். துரு கெட்டியாக இருந்தால் முதல்நாளே பழம்புளியைக் கரைத்து ஊற்றி வைப்பேன். சட்டிக் காதின் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். மற்ற இடத்துக்குத் தேங்காய்ச் சகிரி, அந்த நார் போதும். கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, கிழிந்த கைலித் துணியில் எண்ணெய் தொட்டுப் பூசிப் பூசிச் சூடேற்றினால், நூறு வருஷத்துச் சட்டியும் முகம் பார்க்கிற மாதிரி கறுத்து மினுங்கும். கடைப் பொடி எதுவும் நான் வாங்கினதில்லை.

சட்டியில் இருந்து தொடங்கச் சொன்னீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்தில் ஆக்கர் கடைகள் இருக்கின்றன, பழைய இரும்பு எடுக்கிற கடைகள். அங்கே போய் வார்ப்பிரும்புத் தோசைக்கல், சீனச்சட்டி, ஆப்பச்சட்டி என்று கிடப்பவற்றைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். குளச்சலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தேய்ப்பேன். இப்போது எல்லாருக்கும் நான்ஸ்டிக் மேல் பயம் வந்துவிட்டது அல்லவா, வாங்க ஆளுக்குக் குறைவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ஈயம் உருக்கின சட்டி என்று தெரிந்தால் எடுக்கமாட்டேன். எங்கள் கடற்கரையில் வலைக்குக் கட்டுகிற ஈயமணிகளை முன்பெல்லாம் வீட்டிலேயே உருக்கி வார்ப்பார்கள். அப்படி ஒருமுறை ஈயம் இறங்கின இரும்பை எதைப் போட்டுத் தேய்த்தாலும் பிறகு சமையலுக்கு ஆகாது, ரசம் வைக்கிற வெள்ளீயம் வேறு, இந்த ஈயம் விஷம். பார்த்தால் தெரியாது, வாசம் கிடையாது, ருசியும் மாறாது. குலசேகரத்தில் இருந்து ஒரு டீச்சர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் தொடவே இல்லை. இதில் பூச்செடி வையுங்கள் டீச்சர் என்று திருப்பிக் கொடுத்தேன். வேண்டுமானால் அவரிடம் விசாரித்துப் பாருங்கள்.

சூசை மாமா தந்ததும் அப்படி ஒரு சட்டிதான். அவர் எங்கள் பக்கத்து வீடு. வயதாகிவிட்டது, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாமான்களை ஒழித்தபோது என் கொல்லையில் கொண்டுவந்து போட்டார். அப்போதே சொன்னார்.

"ஏட்டி கிரேசி, இதில ஒண்ணும் வச்சித் தின்னாண்டாம் கேட்டியா. ஈயம் உருக்குனதாக்கும். ஆக்கர்காரன் வந்தா எடுத்துப் போடு."

சரி மாமா என்றேன். முருங்கை மரத்தடியில், மூட்டில் அது கிடந்தது. மழை வெயில் எல்லாம் அதன் மேலே விழுந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இருக்கவில்லை. முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று எழுதினால் அது சரியாக இருக்காது.

பிரிஜா என் தங்கை. குவைத்தில் நர்ஸாக இருந்தாள். ஜெனின் பிறந்து, பால்குடி மறக்கும் முன்பே வேலைக்குத் திரும்பவேண்டி வந்தது. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு ஏர்போர்ட் காரில் ஏறினாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை, நடக்கவில்லை, அவ்வளவுதான். ஜெனினுக்கு முதல் பல் முளைத்தது, காய்ச்சலில் கண் சொருகினது, பள்ளிக்கூட வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது, எல்லாம் என்னோடுதான். அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்த பிரிஜா திரும்பிப் போகவில்லை. அவள் மாப்பிள்ளை வினோஜுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. அவளும் பிள்ளையும் பின்னால் போவதாக ஏற்பாடு. மெடிக்கல் முடிந்து விசா வரும்வரைக்கும் என்னோடு இருப்பாள். நல்ல காரியம்தானே. நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரம் ஒருநாள் காலையில் ஜெனின் என்னிடம், "அம்மா, ரிப்பன் கெட்டித் தா" என்று வந்தாள். பிரிஜா அவளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மக்கா, அது பெரியம்மா. அம்மை நானாக்கும். சொல்லு, பெரியம்மா."

ஜெனின் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெரியம்மா என்றாள். இதில் தப்பு ஒன்றுமில்லை. முறைப்படி நான் பெரியம்மாதான். ரிப்பனை பிரிஜா கட்டினாள். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது.

அன்றைக்குத்தான் முருங்கை மூட்டில் இருந்து சூசை மாமாவின் சட்டியை எடுத்தேன்.

பிரிஜாவுக்கு முன்பே ரத்தம் குறைவு. மெடிக்கலில் ஏதாவது வந்துவிட்டால் பயணம் தள்ளிப்போகும் என்று அவளே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் சாகவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. கூடப் பிறந்தவள். கொஞ்சம் சுகமில்லாமல், வீட்டோடு, நான் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தால் போதும்.

அந்தச் சட்டியை நான் தேய்த்த மாதிரி வேறு எதையும் தேய்த்ததில்லை. கையில் உறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். தேய்த்த கிழங்குத் துண்டுகளைக் கோழி கொத்திவிடக்கூடாது என்று குழி தோண்டிப் புதைத்தேன். எண்ணெய் பூசி அடுப்பில் ஏற்றி இறக்கியபோது, பிரிஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"யம்மா, என்ன மினுக்கம். இத நான் அயர்லாந்துக்குக் கொண்டுபோவேன் அக்கா. தருவியா?"

"ஒனக்குதானேட்டி" என்றேன். அது உண்மையும்கூட.

இரும்புச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று அவளும் படித்திருந்தாள். போகும்வரைக்கும் இங்கேயே பழக்கி எடுக்கலாம் என்றேன். புளி கூட்டி வைக்கிற மீன்குழம்பு அவளுக்கு உயிர். அதை அந்தச் சட்டியில் வைத்தேன். ஜெனினுக்குக் காரம் தாங்காது, எரிவு இல்லாமல் மண்சட்டியில் தனியாக வைத்தேன். நானும் மண்சட்டியில் இருந்துதான் எடுத்துக்கொண்டேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். பிள்ளைக்கு வேறு சட்டி.

ஈஸ்டருக்கு முந்தின நோம்புக்காலம் தொடங்கும்போது பிரிஜாவுக்கு வயிற்றுவலி வந்தது. பிறகு தலைவலி, அசதி, மூட்டில் குடைச்சல். நாகர்கோவிலில் காட்டினோம். அல்சர் என்றார்கள், ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். மெடிக்கல் தள்ளிப்போனது. நான் அவளை நன்றாகப் பார்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், காலைப் பிடித்துவிட்டேன், தலை சீவிவிட்டேன். பக்கத்து வீடுகளில் எல்லாம், அக்கா என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பேசினார்கள். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

அம்மை முனங்கிக்கொண்டு கிடந்ததால் ஜெனின் மறுபடியும் என் பாயில் வந்து படுத்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், வாசலிலேயே, வாய் தவறி, அம்மா என்று கூப்பிட்டாள்.

அன்று கடற்கரைக்கு நானே போய் நெய்மீன் வாங்கிவந்தேன். பிரிஜாவுக்குப் பிடிக்கும்.

பிள்ளை தன்னை விட்டு விலகுவது பிரிஜாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் முட்டாள் இல்லை. மதியம் கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்தால் ஜெனினைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வாள். தன் தட்டில் இருந்து சோறு பிசைந்து உருட்டி ஊட்டுவாள். முதல்முறை பார்த்தபோது நான் தடுத்தேன்.

"ஏட்டி, அவளுக்கு எரிவு ஆவாது. மண்சட்டியில வேற வச்சிருக்கேன்."

"நீ சும்மா இரி அக்கா. எனக்க பிள்ளைக்கு நான் ரெண்டு வாய் கொடுத்தா என்ன? அவளுக்கு எனக்க கையால திங்கப் பிடிச்சிருக்கு."

ஜெனின் கண்ணில் தண்ணீர் வர, தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றாள். எரிவைத் தாங்கப் பழகினால் அம்மைக்குச் சந்தோஷம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மேற்கொண்டு சொன்னால் காரணம் கேட்பாள். இரண்டு வாய்தானே என்று இருந்தேன். இரண்டு வாய் நாலு வாயானது. பிறகு அவளுடைய மதியச் சாப்பாடே அதுவானது. மண்சட்டிக் குழம்பு மிச்சம் வந்தது. நான் மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

சட்டியை எடுத்து ஒளித்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். ஒளித்திருந்தால் பிரிஜா தேறியிருப்பாள். தேறினால் போய்விடுவாள். ஜெனினையும் கொண்டுபோய்விடுவாள். நான் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துத்தான் இருந்தேன்.

ஜெனினுக்கும் வயிறு வலித்தது. சாப்பிட மறுத்தாள். பாடிக்கொண்டிருந்த பாட்டைப் பாதியில் மறந்துவிட்டு விழித்தாள். எழுத்து முன்பு போல வரவில்லை, எடுத்ததற்கெல்லாம் பிள்ளைகளை அடிக்கிறாள் என்று அவளுடைய வகுப்பு டீச்சர் போன் செய்தார். வீட்டில் தாய்க்குச் சுகமில்லை, அதனால் இருக்கும் என்று நான் சொன்னேன். டீச்சர் நம்பினார். பிறகு ஒரு காலையில் பள்ளிக்கூட அசெம்பிளியில் நின்றபடியே விழுந்தாள். வலிப்பு. நான் போய்ச் சேரும்போது டீச்சர் மடியில் கை கால் வெட்டி இழுக்கக் கிடந்தாள். ஒரு செருப்பு காலில் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் நீங்கள் என்னிடம் கேட்கிற முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். நல்ல பையன். தலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, காரணம் பிடிபடவில்லை. தாய்க்கும் சுகமில்லை என்று தெரிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டார்.

"வீட்டுல நாட்டு மருந்து எதாவது கொடுத்தீங்களா? பழைய பெயிண்ட் சுரண்டினீங்களா? சமைக்கிற பாத்திரம் எதுவும் மாத்தினீங்களா?"

பிரிஜா அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேள்வியே ஏறவில்லை. வீட்டில் சமைப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். யோசிச்சுச் சொல்லுங்க அம்மா என்றார்.

நான் யோசித்தேன். சட்டி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் பிள்ளைக்கு மருந்து கொடுப்பார்கள். பிள்ளை எழுந்துவிடும். எழுந்ததும் அவளை என் கண்ணில் காட்டாமல் கொண்டுபோய்விடுவார்கள். ஜெனின் வளர்ந்து பெரியவளாகி, என்னைப் பற்றிப் பிரிஜா சொல்லிக்கொடுக்கிற மாதிரி நினைப்பாள்.

"ஒண்ணும் மாத்தல டாக்டர்" என்றேன்.

அதன் பிறகு அவளுக்கு மறுபடி மறுபடி வலிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் நான்தான் அவள் தலையைச் சரித்துப் பிடித்துக்கொண்டேன். பிரிஜாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கே ரத்தத்தை வேறு மாதிரி சோதித்துப் பார்த்து ஈயம் என்று கண்டுபிடித்தார்கள். முதல்நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று திருவனந்தபுரம் டாக்டர் எழுதிக்கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

சுகாதார ஆபீஸில் இருந்து வீட்டுக்கு வந்தவர்கள் சமையலறைச் சாமான்களை எல்லாம் முற்றத்தில் பரத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்த சூசை மாமா அந்தச் சட்டியைக் கையில் எடுத்தார். திருப்பி, அடியில் தான் முன்பு கொத்திவைத்த அடையாளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது எனக்க சட்டியில்லா? ஏட்டி, நான் சொல்லித்தானே தந்தேன். சொல்லித்தானே தந்தேன்."

அவர் அதையே சொல்லிக்கொண்டு முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அவரை அலைக்கழிக்கவேண்டாம், நெஞ்சு வலி உள்ள ஆள்.

பிரிஜா தேறிவிட்டாள். ஸ்டேஷனுக்கு வந்திருந்தாளே, நீங்களும் பார்த்தீர்கள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்குத் தந்தியே, அது போவட்டும். அவ தின்னுறத தெனமும் பாத்துட்டு எப்பிடி அக்கா இருந்த?"

நான் பிள்ளைக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. ஊட்டினது அவள். அந்த நேரத்தில் அதைச் சொல்லி அவள் மனதை நோகடிக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆமாம் மேடம். தெரிந்துதான் தேய்த்தேன், தெரிந்துதான் சமைத்தேன், தெரிந்துதான் டாக்டரிடம் மறைத்தேன். நீங்கள் டைப் அடித்தபடியே இருக்கட்டும், ஒன்றையும் மாற்றவேண்டாம்.

ஜெனினுக்கு இப்போது கண் திறந்திருக்கிறது, ஆனால் யார் வந்தாலும் அடையாளம் தெரிவதில்லை என்று சொன்னார்கள். பேச்சு இல்லை. வலது கை மடங்கினது மடங்கினபடி இருக்கிறது. இனி பள்ளிக்கூடம், அயர்லாந்து ஒன்றும் நடக்காது. குளிப்பாட்ட, துடைத்துவிட, சோற்றைக் குழைத்து நாக்கில் வைத்து இறங்குகிறதா என்று பார்க்க, எப்போதும் ஒருத்தி பக்கத்தில் இருக்கவேண்டும். பிரிஜாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சின்ன வயதிலேயே கிடையாது.

எங்கே கையெழுத்து போடவேண்டும் என்று காட்டுங்கள். போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே? பிள்ளை வேறு யார் கொடுத்தாலும் சாப்பிடமாட்டாள்.