கடைசி உருண்டை

முன் சீட்டு அம்மா சொன்னது உங்க காதுலயும் விழுந்துட்டாக்கா? ஏட்டி, அந்தப் பிள்ள மடியில இருக்க தூக்குச்சட்டிக்குள்ள என்னமோ சரசரங்குதுட்டின்னு. மெதுவா சொல்லுததா நெனச்சுக்கிட்டு பஸ்ஸு பூராம் கேக்கச் சொல்லுதாவ. அவிய சொன்னது சரிதான். உள்ள இருக்கது புழு. ஐயோ, எந்திரிக்காதீங்கக்கா. துணி போட்டு இறுக்கக் கட்டிருக்கேன் பாருங்க. வெளிய வராது, கடிக்கவும் செய்யாது.

மீன் பிடிக்கவா? இல்லக்கா, குப்பை திங்கதுக்கு.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். அழுகுன தக்காளி, மிஞ்சுன சோறு, பழத்தோலு, எதப் போட்டாலும் தின்னு எருவாக்கிரும். படைவீரன் ஈன்னு ஒண்ணு இருக்கு, அதோட புழு இது. அந்த ஈ கறுப்பா குளவி கணக்கா இருக்கும். வீட்டு ஈ மாதிரி சோத்துல வந்து உக்காராது. றெக்கை முளைச்ச பொறவு அது ஒண்ணும் திங்காது, முட்டை வச்சுட்டு செத்துப்போகும். ஆமா, பாவந்தான்.

எம் பேரு தீபலட்சுமி. கோவில்பட்டியிலதான் விலங்கியல் படிச்சேன். கூடப் படிச்சவளுக எல்லாம் டீச்சர் வேலை, பேங்க் பரிட்சைன்னு போனாளுக. எனக்கு நாலு பேரு முன்னால நின்னு பேச வராது. உங்ககிட்ட இம்புட்டு பேசுததே எனக்கு ஆச்சரியமா இருக்கு. புழுகிட்ட பேச வேண்டாம் பாத்துக்கிடுங்க.

எங்க ஊரு இடைசெவல். அப்பாவுக்கு ஆடும், கொஞ்சம் கரிசக்காடும் இருக்கு. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால எனக்குத் தொட்டி கட்டிக் குடுத்தது அவியதான். ஈக்கு வலைக்கூண்டு வேணும்னேன், பழைய கொசுவலையப் பிரிச்சு அவியளே தைச்சாவ. காலைல பைக்கு எடுத்துட்டுப் போயி மார்க்கெட்டுல இருந்து அழுகக்காய் மூட்டை கொண்டாருவாவ. டீக்கடையில கேலி பண்ணாத ஆளு கெடையாது. என்னவே பூவனலிங்கம், ஆட்டுக்குத்தான் பேரு வச்சீரு, புழுவுக்கும் வச்சாச்சான்னு கேப்பாவ. ஒம்ம காட்டுக்கு எரு கேட்டு வருவீருல்லா, அப்ப பேசிக்கிடுவோம்வேன்னு அப்பா சொல்லுவாவ.

வந்து கேக்கவும் செஞ்சாவக்கா. புழு தின்னது போக காப்பித்தூள் மாதிரி மிச்சம் கெடக்கும். அதைத்தான் எங்க உளுந்துக்குப் போட்டோம். வரப்புக்கு அந்தப் பக்கம் செடி வெளிறிக் கெடக்கு, எங்க பக்கம் கருகருன்னு பச்சை. அப்பா போறவன் வாறவனையெல்லாம் கூப்பிட்டுக் காமிச்சாவ. எம் மக வேலைன்னு சொன்னாவ.

புழு முத்திட்டுன்னா கறுத்துப்போயி, ஈரத்த விட்டுட்டு காஞ்ச இடம் தேடி தானா வெளிய வரும். நாம பலகையச் சரிச்சு வச்சாப் போதும், வரிசையா ஏறிரும். சாயங்காலம் ஆனா அப்பா குத்தவச்சு அதையே பாத்துக்கிட்டு இருப்பாவ. ஏட்டி, ஆடு பட்டிக்குத் திரும்புத மாதிரில்லா வருதுன்னுவாவ.

ஆரம்பத்துல ஒரே ஒரு தப்பு பண்ணாவ. ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடிச்சுப் போடுவோம்லா, ஆடு கழிச்ச மிச்சத்த, குப்பைதானன்னு அள்ளித் தொட்டியில போட்டுட்டாவ. வேம்பு சாமிக்கு ஆகும், ஆட்டுக்கு ஆகும், புழுவுக்கு ஆகாதுக்கா. அதத் தோலு உரிக்க விடாது, வளரவிடாது. சின்னது பூராம் போச்சு. நான் வெவரம் சொன்னதும் அப்பா மூஞ்சி செத்துப்போச்சு. அதுல இருந்து காய் மூட்டைய அவுத்தா, ஒரு வேப்பெல இல்லாமப் பொறுக்கிட்டுத்தான் கொட்டுவாவ.

கல்யாணமா? அங்கனதான் வாரேன். கோவில்பட்டியில ஒரு எடம் வந்துச்சு. எல்லாம் பிடிச்சுப்போச்சாம். பிள்ள புழு வளக்குதாமே, நாளைக்கு அந்தக் கையாலதான எங்களுக்குச் சோறு வைப்பான்னு மட்டும் மாப்பிள்ளையோட அம்மா கேட்டாவளாம். தரகர் வந்து சொல்லிட்டுப் போனாரு. அப்பா எங்கிட்ட வாயத் தொறக்கல. நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா சண்டை போட்டுருப்பேன், அழுதுருப்பேன், ஒருவேளை நிறுத்திக்கூட இருப்பேன். அவிய கேக்கல. மறுநாளும் வழக்கம்போல காய் மூட்டை கொண்டாந்தாவ.

கொஞ்ச நாள்ல புழு ஏறுதது நின்னுட்டு. பலகை வெறுமனே கெடக்கு. தொட்டிக்குள்ள கைய விட்டா எல்லாம் சுருங்கித் தொளதொளன்னு வருது. எருவ ஒரு துளி எடுத்து நாக்குல வச்சேன். மூஞ்சியச் சுளிக்காதீங்கக்கா, வளத்தவளுக்கு அதெல்லாம் தோணாது. கசந்துச்சு. வேப்பம்புண்ணாக்கு. யூரியாவோட கலந்து காட்டுக்குப் போடுவோம்லா, அந்தத் தூளு. எலைன்னா தவறி விழும், தூளு எப்படி விழும்? அதுவும் ஒரு நாள் போட்டா இப்படி ஆகாது. தெனமும் யாரோ ஒரு பிடி போட்டுருக்கணும்.

எதித்த வீட்டு சத்தியபாமா அத்தைதான் எப்பவும் நாத்தம் நாத்தம்னு வைவாவ. நேரா அவிய வாசல்ல போயி நின்னு கத்துனேன். நான் தெருவுல நின்னு கத்துனது அதான் மொத தடவை. ஏட்டி, நான் வாயால வைவேன், ஒந் தொட்டியத் தொடுவனா, அதப் பாத்தாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வருமேன்னாவ. நான் நம்பல. உம்ம மனசுதான் அழுகிப்போச்சு, எம் புழுகூட திங்காதுன்னு சொல்லிட்டேன். தெருவே கூடிப்போச்சு. அப்பா வந்து எங் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாவ.

அழாத தாயி, சாப்பிடுன்னாவ. அம்மாவுக்கு மில்லுல பகல் ஷிப்டு, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். எங்க வீட்டுல ஒரு பழக்கம்க்கா. அப்பா மோர்ச்சோறு பிசைஞ்சு, கடைசி உருண்டைய எங் கையில வைப்பாவ. நான் நடக்கப் படிச்ச காலத்துல இருந்து. காலேஜ் போன பொறவும் நிக்கல. அன்னைக்கு, அவிய ஒரு வாய் திங்கதுக்கு முந்தியே வச்சாவ.

விளாத்திகுளம் தாண்டிட்டா? நான் குளத்தூர்ல எறங்கணும். முத்துசெல்வின்னு கூடப் படிச்சவ, தோட்டத்துல எடம் தாரேன்னுருக்கா. கூண்டுல ஒரு அட்டையில முட்டை தப்பிக் கெடந்துச்சு, அதுல பொரிச்சது இது. மிஞ்சுனது இம்புட்டுதான். வீட்டுலயா? சொல்லலக்கா. இன்னைக்கு சாயங்காலம் பொண்ணு பாக்க வாராவ.

சத்தியபாமா அத்தையா? காலைல போயி அவிய கையப் பிடிச்சுக்கிட்டேன். எதுக்குட்டின்னாவ. அன்னைக்குக் கத்துனதுக்குன்னு மட்டும் சொல்லிட்டு பஸ்ஸுக்கு வந்துட்டேன்.

அந்த உருண்டையா? கசந்துச்சுக்கா, எரு கசந்த அதே கசப்பு. உளுந்து பிடுங்கி காடு சும்மா கெடக்கு, புண்ணாக்குக்கு அங்கன சோலியே இல்ல. நான் துப்பல. முழுங்கிட்டு, இன்னொரு உருண்டை வைங்கப்பான்னு கைய நீட்டுனேன். அவிய எங் கையப் பாத்தாவ. தன் வெரலப் பாத்தாவ. பொறவு, பிசைஞ்ச சோத்துலயே தண்ணிய ஊத்திக் கையக் கழுவிட்டு, எந்திரிச்சுப் போயி ஆட்ட அவுத்துவிட்டாவ.