வியாழக்கிழமைகளில் என்ன வேலை?

உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாக இருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் கொடுப்பது வெறும் கழுநீர். அதைப் பற்றியும் ஒருமுறை முகநூலில் எழுதியிருக்கிறேன்.

என் பெயர் அல்ரிக் நோரேன். வயது எழுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் தபால் கொண்டுபோனவன். ஓய்வு பெற்ற பிறகு ‘கேட்டால் என்ன?’ என்று ஒரு பக்கம் ஆரம்பித்தேன். ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊரில் நாலாயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள். நான் யாரையும் குற்றம் சாட்டியதில்லை, யாரையும் திட்டியதில்லை. என் பதிவுகள் எல்லாமே கேள்விக்குறியில்தான் முடியும். நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஸ்வீடனில் எனக்குப் பிடித்த சட்டம் ஒன்றுதான். அரசு அலுவலகத்தின் எந்தக் காகிதத்தையும் எவரும் போய்க் கேட்கலாம். நீ யார், உனக்கு எதற்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்கக் கூடாது. ஆவணப் பிரிவில் இருக்கும் மாய்க்கன் என்னைப் பார்த்ததும் சிரிப்பாள்.

“என்ன அல்ரிக், இன்னிக்கு யாரு தலைய உருட்டப் போறீங்க?”

“அத நீ கேக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, மாய்க்கன்.”

“கேக்கல சாமி, கேக்கல. காகிதத்த எடுத்துக்கிட்டு நடையக் கட்டுங்க.”

அந்தக் காகிதங்கள்தான் நகராட்சித் தலைவரை வீட்டுக்கு அனுப்பின. பனி அள்ளும் வேலையைத் தன் மைத்துனனுக்கே கொடுத்துவந்தார் அந்த மனிதர். உள்ளூர்ப் பத்திரிகை வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்தது. நான் கேட்டேன். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைக் குலுக்கினார்கள். அன்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இனி இல்வா சந்தெலின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சமூகநலப் பிரிவின் தலைவர். என் மனைவி சிக்னேவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதியபோது, ‘வீட்டிலேயே சமாளிக்க முடியும்’ என்று கையெழுத்துப் போட்டவர். பதினெட்டு நாள் சமாளித்தோம். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் சிக்னே சமையலறையில் விழுந்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் உடம்பு ஆறிப்போயிருந்தது. அந்தக் காகிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபடியே இருந்தது. இதை இந்த விவகாரத்தோடு சேர்க்க வேண்டாம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

போன இலையுதிர் காலத்தில் நகராட்சி வண்டிகளின் பயணக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். வியாழக்கிழமைதோறும் இல்வா வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு க்ரான்மோவுக்குப் போயிருந்தார். போக நாற்பத்தாறு கிலோமீட்டர், வர நாற்பத்தாறு. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் மட்டும் கறுப்பு மை பூசியிருந்தது. ‘வியாழக்கிழமைகளில் க்ரான்மோவில் அம்மணிக்கு என்ன வேலை?’ என்று எழுதினேன். அறுநூறு பேர் பதில் போட்டார்கள். கள்ளக்காதலன் என்றார் ஒருவர், கோடைவீடு கட்டுகிறார் என்றார் இன்னொருவர். அடுத்த வியாழன் என் வாசகர் ஒருவர் அங்கேயே போய்ப் படம் எடுத்து அனுப்பினார். மஞ்சள் வீடு, வாசலில் நகராட்சி வண்டி, படியில் குழந்தையின் சிவப்பு மழைக்காலணி, வேலியோரம் தபால்பெட்டி. அதையும் போட்டேன்.

மறுநாள் காலை இல்வா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அல்ரிக், அந்தப் படத்த எடுத்துடுங்க. ஏன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா நானே சட்டத்த மீறினவளா ஆயிடுவேன்.”

“காரணம் சொல்லாம எப்படிங்க எடுக்கறது?”

“உங்களுக்கு என் மேல கோபம் இருக்கு. தெரியும். அதுக்கு என்ன வேணா எழுதுங்க, நான் வாயத் திறக்கல. இது மட்டும் வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்.”

“எழுத்துல கொடுங்க,” என்றேன்.

கொடுத்தார், பாவம். அந்தக் கடிதத்தையும் போட்டேன். ‘அதிகாரி குடிமகனின் வாயை அடைக்கலாமா?’ என் பக்கத்திலேயே அதிகம் பேர் பகிர்ந்த பதிவு அதுதான்.

திங்கட்கிழமை ரிக்கார்ட் என்பவர் தனியாகச் செய்தி அனுப்பினார். மரியாதையான மனிதர். உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் நாடு நாடாக இருக்கிறது என்று ஆரம்பித்து, அந்த மஞ்சள் வீடு மரம் அறுக்கும் ஆலைக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டிருந்தார். ஆலையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது வீடு என்று எழுதினேன். முகவரியை அரைகுறையாகச் சொல்வது தபால்காரனுக்கு ஆகாத காரியம். நீங்கள் யார், உங்களுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாய்க்கன் என்னைக் கேட்டாளா? கேட்காமல் இருப்பதுதானே இந்த நாட்டின் அழகு?

புதன்கிழமை மதியம் ரிக்கார்ட் அங்கே போனதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். தன்னை விட்டு ஓடிவந்து ஒளிந்திருந்த மனைவியை அவர் கொன்றதையும் சொன்னீர்கள். மறுநாள் வழக்கம்போல் வண்டியை எடுத்துக்கொண்டு போன இல்வாதான் கதவைத் திறந்திருக்கிறார். ஐந்து வயதுப் பெண்குழந்தை அம்மாவுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாம். ஆக, அவருடைய வியாழக்கிழமை வேலை இன்னதென்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த விதத்தில் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த வீட்டில் யாரோ ஒளிந்திருப்பது முன்பே தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். படத்திலிருந்த தபால்பெட்டியில் பெயர் இல்லை. இந்த நாட்டில் நாய்க்குடிலுக்குக்கூடப் பெயர்ப்பலகை உண்டு. ஆள் குடியிருந்தும் பெயர் இல்லாத பெட்டிகளை என் முப்பத்தொரு வருடத்தில் மூன்றே மூன்று பார்த்திருக்கிறேன். மூன்று வீடுகளிலும் கதவைப் பாதி திறந்து, என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்த பெண்கள்தான் இருந்தார்கள். படம் வந்ததும் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புரிந்தது. இல்வா கூப்பிடுவதற்கு முன்பே புரிந்தது. ரிக்கார்ட் எழுதியபோது அவர் யாராக இருக்கும் என்பதும் புரிந்தது.

தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற அதிகாரிகள் பலரும் என் கேள்விக்கு ஏதாவது மழுப்பிவிட்டுத் தப்பித்தார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்வாவால் வாயே திறக்க முடியாது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பதில் இல்லாமல் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தின் முன்னால் நான் நின்றேன் அல்லவா, அப்படி. நின்றார். ஆறு நாள் நின்றார்.

நீங்கள் என்னை ஒருமாதிரி பார்க்கிறீர்கள். நான் தலைகுனிய மாட்டேன். கத்தி எடுத்தவர் வேறு ஆள். பயந்து வாயை மூடிக்கொள்ளும் வயதும் எனக்குத் தாண்டிவிட்டது. இன்று காலை இங்கே வருவதற்கு முன்னால் ஆவணப் பிரிவுக்குப் போய், இந்தச் சம்பவம் பற்றி இல்வா எழுதிய அறிக்கையைக் கேட்டேன். மாய்க்கன் சிரிக்கவில்லை. காகிதத்தை மேசையில் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் பாதிக்கு மேல் கறுப்பு மை. குழந்தையின் பெயரையும், இப்போது அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறைத்திருக்கிறார்கள்.

ஏன் மறைக்க வேண்டும்? உங்கள் வாசலில் பேருந்தை விட்டு இறங்குவதற்குள் அந்தக் கேள்வியை எழுதிப் போட்டுவிட்டேன். இதற்குள் இருநூறு பேராவது தேட ஆரம்பித்திருப்பார்கள்.