பிடிக்கிற ஆள்

தேநீரில் பாலை முதலில் ஊற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, சூடாக இருக்கிறது, அது போதும். ஆஸ்திரேலியா என்றால் வெயில் என்பார்கள், ஆனால் டூவூம்பாவில் ஜூலை மாதக் குளிர் எலும்புக்குள் ஏறும். எங்கள் தகரக் கொட்டகையைச் சுற்றிப் பிள்ளைகளை அரைமணி நேரம் ஓடவிட்டு உடம்பைச் சூடாக்காமல் நான் யாரையும் வளையவிடுவதில்லை. இருபத்தாறு வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தருகிறேன். என் கையில் ஒரு பிள்ளைக்கும் சுளுக்கு விழுந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கீலி டோலன் என்னிடம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. சரியான மரக்கட்டை. குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. ஏழு வருஷம் அவள் இடுப்பையும் தொடையையும் தோளையும் இழுத்து இழுத்து வளைத்தேன். "அறுபது வரைக்கும் எண்ணு, அப்புறம் அழு" என்பேன். இரண்டையும் சேர்த்தே செய்வாள். போன வாரம்வரை கால் இரண்டையும் பக்கத்துக்கொன்றாக நீட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அந்த வளைவு அவளுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

பின்பக்கமாகத் தாவுகிறவளுக்குத் தான் போகும் இடம் தெரியாது. அதனால் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. தாவுகிறவள் முதுகைக் காட்டி நின்று "இருக்கீங்களா?" என்று கேட்பாள். அவள் இறங்கும் இடத்தில் நின்று பிடிக்கிறவர் "இருக்கேன்" என்பார். அதன்பின் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தோள் சாயும், சுற்று கெடும். கீலி பார்க்கிற பிள்ளை. அந்தப் பழக்கத்தை ஒழிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

போன திங்கள்கிழமை அவள் அம்மா டானெல் வாசலில் நின்று இன்னொரு தாயிடம் என்னைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்தது.

"சனிக்கிழமை பிரிஸ்பேன்ல பெரிய கிளப்புக்குத் தேர்வு. அங்க எடுத்துட்டாங்கன்னா அப்புறம்தான் நெசமான கோச்சிங்."

"அப்போ லொரெல்?"

"அவ பாவம், நல்லவதான். ஆனா பாரு, அவ பிடிக்கிற ஆளு. அவ்வளவுதானே."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பார்கள் என்பது தெரியாத வயசில்லை எனக்கு. ஆனாலும் உதை உதைதான். சிரித்துக்கொண்டே வெளியே போய் டானெலிடம் பிஸ்கட் டப்பாவை நீட்டினேன். இரண்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு மற்ற பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். கீலி ஏற்கெனவே ஓடி முடித்திருந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"லொரெல், இரட்டைக் கரணத்தை இன்னிக்குப் பஞ்சுக் குழியில போட வேண்டாம். தரையில ஒருக்கா போட்டுப் பாக்கறேன். அங்க தரையிலதான் போடச் சொல்வாங்க."

"பயமா இல்லையா?"

"நீங்கதான் பிடிப்பீங்களே. பயம் எதுக்கு?"

"அங்கன்னா, பிரிஸ்பேன்லயா?"

அவள் முகம் சிவந்தது. "நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவிக்க என்ன இருக்கு. போய் நில்லு."

பிடிக்கிற ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவையாவது தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. என் எண்ணம் அவ்வளவே. அவள் முதுகைக் காட்டி நின்று கேட்டாள். நான் இருக்கேன் என்றேன். சுவரோரம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று சொன்னேன். இருபதடி இருக்கும். குரல் தூரத்திலிருந்து வருவது அவளுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும். தலை லேசாக அசைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. திரும்பவில்லை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

கையூன்றிப் போட்ட முதல் தாவல் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். காற்றில் ஒன்றரைச் சுற்று, அழகாக இருந்தது. மிச்ச அரைச் சுற்றுக்குத்தான் என் கை வேண்டும்.

மெத்தையைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் இறங்கும் இடத்தில் ஓரடிக் கனத்தில் ஒரு நீல மெத்தை எப்போதும் கிடக்கும். அன்று அது சுவரில் சாய்ந்திருந்ததாக உங்கள் போலீஸ்காரர்கள் எழுதியிருப்பது சரிதான். அவள் முதுகைக் காட்டி நின்ற பிறகு நான்தான் இழுத்தேன். தரையில் அது உரசிய சத்தம் அவளுக்குக் கேட்டது. சரியாக இழுத்துப் போடுகிறேன் என்று நினைத்திருப்பாள். "தேங்க்ஸ்" என்றாள்.

கழுத்துக்குக் கீழே அசைவு வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். டாக்டர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அசையாத உடம்பைத் தினமும் யாராவது மடக்கி நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். அது டானெலால் ஆகிற காரியமில்லை. கீலியை என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள். அவள் இனி எங்கேயும் போகப் போவதில்லை, எனக்கும் நேரம் இருக்கிறது.